பாட்டு எழுதாத பாடகி எதை உருவாக்குகிறார்? மில்வாவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

இத்தாலியப் பாடகி மில்வாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் தவறாமல் வரும். அவர் ஓப்பெரா, அதாவது மேற்கத்திய இசை நாடகப் பாடகி. பாட்டுப் போட்டியில் ஜெயிக்க முடியாமல் நாடகத்துக்குப் போனவர். அடுத்தவர் எழுதிய பாட்டைப் பாடியே பெயர் வாங்கியவர்.

முதல் இரண்டும் தவறு. மூன்றாவது உண்மைதான், ஆனால் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். அடுத்தவர் பாட்டைப் பாடுவது இத்தாலியில் தனித் தொழில். அதற்குப் பெயரும் உண்டு. அந்தத் தொழில் என்னவென்று புரிந்தால், கோரோ என்ற மீனவ ஊரில் பிறந்த ஒரு பெண் எப்படி மிலான், பெர்லின், பாரிஸ் மேடைகள் வரை போனார் என்பதும் புரிந்துவிடும்.

ஒரு சொல், மூன்று வேலை

இத்தாலியர்கள் பாடகர்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். தானே எழுதி, தானே இசையமைத்துப் பாடுபவர் 'கந்தவுத்தோரே'. 'பாடகர்', 'ஆசிரியர்' என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த இச்சொல் 1960 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. பிறர் எழுதியதை எடுத்துப் பாடுபவர் 'இன்டெர்ப்ரெத்தே'.

இந்த இரண்டாவது சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இத்தாலிய மொழியில் வாய்மொழி பெயர்ப்பாளரையும் இன்டெர்ப்ரெத்தே என்றுதான் சொல்வார்கள். ஒரு வேடத்தை ஏற்று நடிப்பவருக்கும் இதே சொல். மொழிபெயர்ப்பாளர், நடிகர், பாடகர் ஆகிய மூவரும் இன்னொருவர் சொன்னதைத் தன் உடம்பு வழியாக மூன்றாம் ஆளுக்குப் புரிய வைக்கிறார்கள். நமக்கு நெருக்கமான சொல் வேண்டுமென்றால் 'உரையாசிரியர்' எனலாம். குறள் ஒன்றுதான், உரைகள் பல. பரிமேலழகரை யாரும் 'குறள் எழுதத் தெரியாதவர்' என்று குறை சொல்வதில்லை.

'வந்துட்டீங்களா' என்ற ஒரு சொல்

உரை எழுதுபவருக்கு எழுத்து இருக்கிறது. பாடுபவர் எதைக் கொண்டு உரை சொல்வார்?

'வந்துட்டீங்களா' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த அக்காவிடம் சொன்னால் மகிழ்ச்சி. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் கணவரிடம் சொன்னால் வழக்கு. வட்டி வசூலிக்க வாசலில் நிற்பவரிடம் சொன்னால் பயம், அதன் மேல் பூசிய மரியாதை. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. எந்த அசையை இழுத்தோம், எங்கே மூச்சு விட்டோம், குரலை எங்கே இறக்கினோம் என்பவை மட்டுமே மாறின.

பாட்டில் இந்த வேலை கடினமாகிறது, ஏனென்றால் பேச்சில் கையில் இருந்த சுதந்திரத்தில் பாதியை மெட்டு எடுத்துக்கொள்கிறது. எந்த அசை நீள வேண்டும், எது மேலே போக வேண்டும் என்று இசையமைப்பாளர் முன்பே முடிவு செய்துவிட்டார். மிச்சமிருக்கும் சிறிய இடத்தில்தான் பாடுபவர் தன் உரையைச் சொல்ல வேண்டும்.

சுருக்கம்: இன்டெர்ப்ரெத்தே என்பவர் பாட்டை உண்டாக்குபவர் அல்ல. அந்தப் பாட்டு எந்த வாயிலிருந்து, யாரைப் பார்த்து, எந்த நிலையில் வருகிறது என்பதை உண்டாக்குபவர்.

ஒரே பாட்டு, இரண்டு பேர்: சான்ரெமோ

மில்வாவின் இயற்பெயர் மரியா இல்வா பியோல்காத்தி. இரண்டு முன்பெயர்களையும் சேர்த்துச் சுருக்கியதுதான் 'மில்வா'. 1939 ஜூலை 17 அன்று, போ நதி கடலில் கலக்கும் கழிமுகத்தில் உள்ள கோரோவில் பிறந்தார். ஆரம்பத்தில் நடன அரங்குகளில் 'சப்ரீனா' என்ற பெயரில் பாடினார். இத்தாலிய வானொலி-தொலைக்காட்சி நிறுவனமான ராய், 1959-ல் புதுக்குரல்களுக்காக நடத்திய தேர்வில் 7600-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அதில் முதலிடம் அவருக்கு. அடுத்து வந்த முதல் இசைத்தட்டுகளில் ஒன்று, பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் பாடிப் புகழ்பெற்ற 'மிலோர்' பாட்டின் இத்தாலிய வடிவம். இன்னொருவர் பாட்டு, அதுவும் இன்னொரு மொழியிலிருந்து வந்தது. பின்னால் வரப்போகும் வாழ்க்கை முழுவதும் அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

1951-ல் தொடங்கிய இத்தாலியப் பாட்டு விழாவான சான்ரெமோவைப் பாடகர் போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது பாடல்களுக்கான போட்டி. 1971 வரை, பெரும்பாலான ஆண்டுகளில், ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேர் தனித்தனியாக, வேறு வேறு இசைக்கோவையில் பாடினார்கள். ஒரே ஆள் பாடினால், மக்கள் பாட்டுக்கு ஓட்டுப் போட்டார்களா, பாடியவர் முகத்துக்குப் போட்டார்களா என்று தெரியாதல்லவா? அதற்காகச் செய்த ஏற்பாடு இது.

1961-ல் மில்வா முதன்முறையாக அங்கே நின்றபோது, அவர் பாடிய பாட்டை ஜீனோ லத்தில்லாவும் பாடினார். மூன்றாமிடம். 1962-ல் 'தாங்கோ இத்தாலியானோ'வை அவரும் நேப்பிள்ஸ் மரபில் வந்த செர்ஜியோ புரூனியும் பாடினார்கள். இரண்டாமிடம். அந்த ஆண்டு முதலிடம் பெற்ற பாட்டைப் பாடிய இருவரில் ஒருவர் தொமேனிக்கோ மொதுன்யோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

இந்த ஏற்பாட்டில் பாடுபவருக்கு ஒரு கட்டாயம் இருந்தது. அதே இரவில் இன்னொருவர் அதே பாட்டைப் பாடப் போகிறார். நல்ல குரல் மட்டும் இருந்தால் போதாது. இந்தப் பாட்டுக்கு நான் சொல்லும் உரை இது என்று கேட்பவருக்கு உறைக்க வேண்டும். உரை சொல்லும் தொழிலுக்கு இதைவிடக் கடுமையான பயிற்சிக்கூடம் கிடையாது என்பேன்.

மில்வா 15 முறை சான்ரெமோவில் பாடினார், கடைசியாக 2007-ல். ஒருமுறையும் முதலிடம் வரவில்லை. இதைத் தோல்விக் கணக்காகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 46 ஆண்டு இடைவெளியின் இரண்டு முனையிலும் ஒருவரை அதே மேடைக்கு அழைத்திருக்கிறார்கள் என்றும் அதே கணக்கைப் படிக்கலாம். அக்காலப் பத்திரிகைகள் அவரை 'கோரோவின் சிறுத்தை' என்றன. அதே காலப் பாடகிகளான மீனா 'கிரெமோனாவின் புலி', ஈவா சனிக்கி 'லிகோன்கியோவின் கழுகு'. ஊர்ப்பெயரோடு ஒரு விலங்கைச் சேர்த்துவிடும் அந்தப் பத்திரிகைப் பழக்கம் மூன்று பேரையும் ஒரே கூண்டில் அடைத்தது. மூவர் போன வழிகளும் வேறு.

பாடுபவர் கையில் உள்ள கருவிகள்

கருவிகள் நான்குதான். அவற்றைத் தெரிந்துகொண்டால் எந்தப் பாடகரையும் கொஞ்சம் கூர்மையாகக் கேட்க முடியும்.

முதலாவது சுருதி. பாட்டை எந்த உயரத்தில் வைத்துப் பாடுவது என்பதே பாதி உரை. மில்வாவின் குரல் கான்ட்ரால்டோ வகையைச் சேர்ந்தது, அதாவது பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த, கனமான வகை. தாழ்ந்த சுருதியில் பாடும்போது சொற்கள் பேச்சுக்கு அருகில் இருக்கும். சுருதி ஏற ஏற உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கி, சொல் கரைந்துபோகும். ஓப்பெராவில் உச்ச ஸ்தாயியில் என்ன சொல்கிறார்கள் என்று இத்தாலியர்களுக்கே பிடிபடாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது ருபாத்தோ. 'திருடியது' என்று பொருள். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லைச் சற்றுப் பின்தங்க விட்டு, அடுத்த சொல்லை விரைவாகச் சொல்லி ஈடு செய்வது. திருடிய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் வாத்தியக்காரர்கள் காத்திருப்பார்கள், பாட்டு நொண்டும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது: எல்லா வரியிலும் திருடினால் எந்த வரிக்கும் எடை இருக்காது.

மூன்றாவது மெய்யெழுத்து. குரல் இனிமையெல்லாம் உயிரெழுத்தில் இருக்கிறது, கோபமும் கிண்டலும் வெறுப்பும் மெய்யெழுத்தில். இத்தாலிய மொழியில் இரட்டை மெய் உண்டு. நம் 'பத்து'வில் வரும் 'த்த' போல, அங்கே நாக்கு ஒரு நொடி அடைத்து நின்று திறக்கும். அந்த அடைப்பை எவ்வளவு நேரம் வைக்கிறார் என்பதே ஒரு வசனம்.

நான்காவது மூச்சு. வரி முடியும் இடத்தில் மூச்சு எடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வரியின் நடுவில், முக்கியமான சொல்லுக்கு முன்னால் எடுத்தால், பாடும் பாத்திரம் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்குகிறது என்று கேட்பவருக்குப் படும். தவறான இடத்தில் எடுத்த மூச்சுக்கும் வேண்டுமென்றே எடுத்த மூச்சுக்கும் வித்தியாசம் அடுத்த சொல்லில் தெரியும். முதலாவதில் சொல் பலவீனமாக வரும், இரண்டாவதில் எடையோடு வரும்.

ஸ்ட்ரேலர், பிரெக்ட், ஒரு பாத்திரம் கழுவும் பெண்

ஜார்ஜோ ஸ்ட்ரேலர், 1947-ல் பாவ்லோ கிராஸ்ஸியோடு சேர்ந்து மிலானில் பிக்கோலோ தியேட்டரை நிறுவிய இயக்குநர். ஜெர்மன் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்டை இத்தாலிய மேடையில் நிலைநிறுத்தியவர். 1960-களின் நடுவில் மில்வா அவரிடம் வந்து சேர்ந்தார். விடுதலைப் போராட்டப் பாடல்களை மில்வா ஒரு தொகுப்பாகப் பதிவு செய்ததும் (1965) அந்தக் காலத்தில்தான். பாடகிக்கு ஸ்ட்ரேலரிடம் கிடைத்தது, உள்ளுணர்வாகச் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கான முறையான இலக்கணம்.

அந்த இலக்கணத்தின் மையச்சொல் 'கெஸ்டுஸ்'. ஒருவர் இன்னொருவர் முன்னால் எடுக்கும் நிலை என்று பொருள் கொள்ளலாம்: வேலைக்காரி முதலாளி முன் எடுக்கும் நிலை, கடன் வாங்கியவர் கொடுத்தவர் முன் எடுக்கும் நிலை. உணர்ச்சி உள்ளே இருக்கும், பார்க்க முடியாது. கெஸ்டுஸ் வெளியே இருக்கும், பார்க்கலாம், கேட்கலாம். வாசலில் வட்டிக்காரரிடம் சொன்ன 'வந்துட்டீங்களா' ஒரு கெஸ்டுஸ்.

பிரெக்ட், கர்ட் வைல் இசையில் 1928-ல் பெர்லினில் அரங்கேற்றிய 'மூன்று காசு ஓப்பெரா'வுக்கு எழுதிய குறிப்புகளில் நடிகர்களுக்கு ஒன்று சொல்கிறார்: பாடினால் மட்டும் போதாது, பாடுகிற ஒரு மனிதரைக் காட்ட வேண்டும். சாதாரணப் பேச்சு, உயர்த்திய பேச்சு, பாட்டு ஆகிய மூன்றும் தனித்தனித் தளங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதை மறைக்கக் கூடாது. வழக்கமான இசை நாடகத்தில் பேச்சு நைசாகப் பாட்டாக மாறும். இங்கே படி ஏறுவது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, அதே நாடகத்தின் 'கடற்கொள்ளைக்காரி ஜென்னி' பாட்டை எடுத்துக்கொள்வோம். மூல நாடகத்தில் இதைப் பாடுபவள் கதாநாயகி போலி. 1931-ல் வந்த படத்தில் நடிகை லோட்டே லென்யா ஜென்னியாக நடித்துப் பாடியதிலிருந்து, பாட்டு ஜென்னியோடு ஒட்டிக்கொண்டது. மில்வா தன் பிரெக்ட் நிகழ்ச்சிகளில் பாடியவற்றில் இதுவும் ஒன்று.

மட்டமான விடுதி ஒன்றில் கண்ணாடிக் குவளை கழுவும் பெண். வருபவர்கள் காசு கொடுக்கிறார்கள், அவள் நன்றி சொல்கிறாள். மனதுக்குள் ஒரு கப்பல் வருகிறது: எட்டுப் பாய்கள், ஐம்பது பீரங்கிகள். ஊரைத் தரைமட்டமாக்குகிறது. அவளிடம் கேட்கிறார்கள், யாரைக் கொல்லட்டும்? எல்லாரையும், என்கிறாள்.

மெட்டு ஒவ்வொரு பத்திக்கும் திரும்பத் திரும்ப வருவதுதான். அதனால் பாட்டு வளர்வது இசையில் கொஞ்சம், பாடுபவரின் உரையில் நிறைய. முதல் பத்தி வேகமாக, ஏறக்குறைய பேச்சாகப் போக வேண்டும். குவளை கழுவும் கை நிற்காத வேகம் அது. கப்பல் வரும் பல்லவியில் இசை அகலமாக விரிகிறது. இங்கே குரல் முழுதாகத் திறந்து அழகாகப் பாடிவிடத் தோன்றும். முதல் தடவையே முழுதாகத் திறந்துவிட்டால் அடுத்தடுத்த கப்பல்களுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு பல்லவியிலும் கப்பல் ஒரு படி நெருங்க வேண்டும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது அந்த 'எல்லாரையும்' என்ற சொல்லில். கத்திப் பாடினால் அது கோபம். கோபக்காரியைப் பார்த்து நாம் விலகி உட்கார்ந்துவிடலாம். அழுகையோடு பாடினால் பரிதாபம். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பாட்டின் சொற்களே அந்தக் கணத்தில் துறைமுகம் அமைதியாகிவிடும் என்கின்றன. அந்த அமைதியில், விடுதியில் 'இன்னொரு குவளை வேண்டுமா' என்று கேட்கும் அதே சாதாரணக் குரலில் சொன்னால்தான், இவளுக்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவனோ என்ற சந்தேகம் கேட்பவருக்கு வரும். பிரெக்டுக்கு வேண்டியது அந்தச் சந்தேகம்.

ஸ்ட்ரேலர் 1973-ல் 'மூன்று காசு ஓப்பெரா'வை மீண்டும் மேடையேற்றியபோது ஜென்னியாக மில்வா. அவளால் காட்டிக்கொடுக்கப்படும் கொள்ளைக்காரன் மேக்கியாக, 1962 சான்ரெமோவில் அவரை முந்திய அதே மொதுன்யோ. 1986-ல் பாரிஸின் ஷாத்லே அரங்கில் ஸ்ட்ரேலர் அதை இன்னொரு முறை செய்தபோதும் ஜென்னி மில்வாதான்.

சுருக்கம்: கெஸ்டுஸ் முறையில் பாடுபவர் உணர்ச்சியில் கரைவதில்லை. பாத்திரம் யார் முன்னால் எப்படி நிற்கிறது என்பதைக் குரலால் வரைகிறார்.

மொழி மாறினால் என்ன ஆகும்?

மில்வா இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், கிரேக்கம், ஜப்பானியம் என்று பல மொழிகளில் பாடினார். 'சொல்லை மாற்றிப் போட்டால் ஆயிற்று' என்று தோன்றலாம். ஆனால் மெட்டு ஒரு சட்டை மாதிரி, முதலில் போட்ட மொழியின் அளவுக்குத் தைத்தது.

பிரெஞ்சில் அழுத்தம் சொல்லின் கடைசி அசையில் விழும். இத்தாலியனில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். ஜெர்மனில் ஓரசைச் சொற்கள் ஏராளம்: கப்பல் 'ஷிஃப்', இத்தாலியனில் அது 'நாவே', இரண்டு அசை. ஒரு சுரத்துக்கு ஒரு சொல் என்று தைத்த இடத்தில் இப்போது ஒரு சொல்லுக்கு இரண்டு சுரம் தேவைப்படுகிறது. அதனால் இத்தாலியப் பாடலாசிரியர்கள் கடைசி அசையில் அழுத்தம் விழும் சொற்களைத் தேடி அலைவார்கள். எதிர்கால வினை ('சரோ' — நான் இருப்பேன்) அவர்களுக்கு வரம். இத்தாலிய மொழிபெயர்ப்புப் பாடல்களில் ஆள் ஆளுக்கு எதிர்காலத்தில் வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருப்பதற்குக் காதல் மட்டும் காரணமில்லை.

சில இடங்களில் அதிர்ஷ்டமும் அமையும். ஜென்னியின் 'எல்லாரும்' ஜெர்மனில் 'ஆலெ', இத்தாலியனில் 'துத்தி'. இரண்டும் ஈரசை, இரண்டிலும் முதல் அசையில் அழுத்தம். ஆனால் 'துத்தி'யில் நாக்கு அடைத்துத் திறக்கும் இரட்டை மெய் இருக்கிறது, 'ஆலெ' வழுக்கிப் போகும். அதே சொல், அதே சுரம், கொலைக்குள் ஒரு சிறிய கத்தி கூடுதலாக.

மொழி தாண்டியதில் மில்வாவின் பெரிய அறுவடை ஜெர்மனியில். கிரேக்க இசையமைப்பாளர்கள் மிகிஸ் தியோடொராகிஸ், வாஞ்செலிஸ் இருவரின் மெட்டுகளையும் ஜெர்மன் சொற்களில் பாடினார். கிரேக்க மெட்டு, ஜெர்மன் சொல், இத்தாலியக் குரல். இத்தாலியில் 1970-களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற 'லா ஃபிலாந்தா' (பட்டு நூல் ஆலை) போர்ச்சுகீசிய அமாலியா ரோட்ரிகஸின் பாட்டிலிருந்து வந்தது. சொற்கள் மாறியதும் அது ஆலைப் பெண்ணின் கதையாகிவிட்டது.

'நாடகத்துக்குப் போய்விட்டார்' என்பது ஏன் தவறு

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஜென்னியாக நடித்த அதே 1973-ல் சான்ரெமோவில் பாடி மூன்றாமிடம் பெற்றார். 1982 மார்ச்சில் மிலானின் ஓப்பெரா அரங்கமான லா ஸ்காலாவில், லூசியானோ பெரியோ இசையமைத்து இட்டாலோ கால்வினோ எழுதிய 'உண்மைக் கதை'யின் முதல் அரங்கேற்றத்தில் பாடினார். அதே ஆண்டு ஃபிராங்கோ பத்தியாத்தோவின் இசையில் வந்த 'அலெக்ஸாண்டர் பிளாட்ஸ்', பிரிந்து கிடந்த பெர்லினைப் பற்றிய பாப் பாட்டு, வானொலிகளில் ஓடியது. ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்றுக்குக் குடிபோன ஆள் இல்லை இவர். இரண்டுக்கும் சாவி வைத்திருந்தவர்.

லா ஸ்காலாவில் பாடினாரே, அப்படியானால் ஓப்பெரா பாடகிதானே? அங்கே அவர் ஏற்றது 'கந்தஸ்தோரியே' வேடம், அதாவது தெருவில் கதைப்பாட்டு சொல்லும் பெண். ஓப்பெராக் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பதற்காகப் பல ஆண்டு வார்த்தெடுக்கப்படுவது. பெரியோவுக்கு அந்த வேடத்தில் வேண்டியிருந்தது அப்படி வார்க்கப்படாத, தெருவின் நெடி உள்ள குரல். சுவையான இன்னொன்று: அந்தப் படைப்பின் இரண்டாம் பகுதி முதல் பகுதியின் அதே சொற்களை வேறு இசையில் திரும்பச் சொல்கிறது. சான்ரெமோவின் இரட்டைப் பாடல் முறை அறிவாளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது போலிருக்கும்.

கேட்டுப் பார்க்க ஒரு வரிசை

முதலில் 'தாங்கோ இத்தாலியானோ'வை மில்வா குரலிலும் செர்ஜியோ புரூனி குரலிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொற்கள் புரிய வேண்டாம். எந்தச் சொல்லில் ஒவ்வொருவரும் தங்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து கடற்கொள்ளைக்காரி ஜென்னி: லென்யாவின் ஜெர்மன் பதிவு, பிறகு மில்வாவின் இத்தாலியப் பதிவு. பாட்டின் பிற்பகுதியில் அந்த ஈரசைச் சொல் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் மௌனம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக, அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாஸொல்லா தன் ஐவர் குழுவோடு 1984-ல் பாரிஸின் பூஃப் து நோர் அரங்கில் மில்வாவுடன் நிகழ்த்திய கச்சேரியின் பதிவு. டாங்கோவின் இசைக்கருவியான பந்தோனியோன் துருத்தி வைத்த பெட்டி. அதுவும் மூச்சு வாங்கித்தான் ஒலிக்கிறது. பியாஸொல்லாவின் துருத்தி திறக்கும் இடமும் மில்வா மூச்சு எடுக்கும் இடமும் சில வரிகளில் ஒன்றாக விழும், சில வரிகளில் வேண்டுமென்றே விலகும். ஹெட்போனில் கேட்டால் பிடிபடும்.

2010-ல் மேடையை விட்டு விலகுவதாக அறிவித்தபோது மில்வா சொன்ன காரணமும் இந்தத் தொழில் சார்ந்ததுதான்: குரலும் உடம்பும் உணர்ச்சி வெளிப்பாடும் ஒன்றாக வந்து கூடினால்தான் இந்த வேலை நடக்கும், இனி அவை அப்படிக் கூடுவதில்லை. அதே ஆண்டு பத்தியாத்தோவோடு மூன்றாவது இசைத்தொகுப்பு வந்திருந்தது. ஒலிப்பதிவு அறையில் உடம்பு பாதிதான் தேவை. மேடையில் முழுதும் வேண்டும். 2021 ஏப்ரல் 23 அன்று மிலானில், 81 வயதில், அவர் இறந்தார்.